அரிது என்பது ஒரு பின்னம்

டிசம்பர் மாதக் காலையில் ஓசூர்ப் பக்கத்து ஏரி ஒன்றின் கரையோடு நடந்தால், புதருக்குள்ளிருந்து ‘டக்… டக்…’ என்று ஒரு சத்தம் கேட்கும். இரண்டு கூழாங்கற்களை மெல்ல மோதினால் எழுமே, அந்த மாதிரி. உன்னிச்செடியும் புங்கங்கன்றும் பின்னிக் கிடக்கும் இடத்தில் ஒரு இலை அசையும். பழுப்பாக ஏதோ ஒன்று கிளைவிட்டுக் கிளை தாவும். கண்ணை நிலைநிறுத்துவதற்குள் மறைந்துவிடும். சுமார் 12 கிராம் எடையுள்ள அந்தப் பறவை பெரும்பாலும் பிளைத் நாணல் கதிர்க்குருவியாக இருக்கும். ஃபின்லாந்து தொடங்கி ரஷ்யா, மத்திய ஆசியா வரை விரிந்த நிலப்பரப்பில் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வருகிறது. நம் பக்கத்தில் அது அரிய பறவை அல்ல. ஆனால் அதே புதரில், ஏறக்குறைய அதே அளவில், அதே பழுப்பில் உண்மையிலேயே அரிதான வேறொரு கதிர்க்குருவி வந்து உட்கார்ந்தால், அதை எப்படித் தெரிந்துகொள்வது? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரியதைக் காண விரும்புபவர், சாதாரணமானதை எண்ணப் பழக வேண்டும். சாதாரணமானதைக் காப்பாற்றாத ஊருக்கு அரியது வந்தாலும் தெரியாது.

‘அரிது’ என்ற சொல்லை நாம் பறவையின் குணத்தைச் சொல்வதுபோலப் பயன்படுத்துகிறோம். வால் நீளம், வயிறு வெள்ளை என்பதைப் போல, ‘அரிது’ என்பதும் அதன் உடம்பிலேயே எழுதியிருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு பின்னம். அந்தப் பறவையை எத்தனை முறை பார்த்தோம் என்பது பின்னத்தின் தொகுதி. அதைப் பார்ப்பதற்காக எத்தனை காலைகள், எத்தனை இடங்கள், எத்தனை பறவைகளைக் கவனித்தோம் என்பது பகுதி. ஒரு ஏரியில் பத்துக் காலைகள் தேடி ஒரு தடவை பார்த்ததும், இன்னொரு ஏரியில் ஆயிரம் காலைகள் தேடி ஒரு தடவை பார்த்ததும் செய்தியில் ஒன்றுபோலத்தான் வரும்: ‘அரிய பறவை தென்பட்டது.’ ஆனால் இரண்டுக்கும் இடையில் நூறு மடங்கு வித்தியாசம். முதல் ஏரியில் அந்தப் பறவை ஆண்டுதோறும் தங்கிப்போகக்கூடும்; இரண்டாவது ஏரியில் அது வழிதவறி வந்த ஒற்றைப் பறவையாக இருக்கலாம். பகுதியை எழுதாமல் தொகுதியை மட்டும் எழுதினால், அந்த எண்ணிலிருந்து எதையும் கணக்கிட முடியாது.

இதற்குக் கதிர்க்குருவிகளின் வரலாற்றிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1867 நவம்பரில், இமாச்சலத்தின் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ராம்பூருக்கு அருகே ஆலன் ஆக்டேவியன் ஹியூம் ஒரு நாணல் கதிர்க்குருவியைச் சேகரித்தார். பின்னாளில் இந்திய தேசிய காங்கிரஸ் உருவாகக் காரணமான அதே ஹியூம்தான். தம் காலத்து இந்தியப் பறவையியலில் அவருக்கு நிகரானவர் அரிது. அந்தப் பறவையின் அலகு நீளமாக இருந்ததைக் கண்டு, அதை ஒரு புதிய இனம் என்று அவர் விவரித்தார். ஆனால் உலகத்தில் அதற்கு இருந்த சான்று அந்த ஒரே மாதிரிதான். அதனால் பிற்கால அறிஞர்கள் பலர் அதை வேறொரு நாணல் கதிர்க்குருவியின் சற்று மாறுபட்ட பறவை என்று ஒதுக்கிவைத்தார்கள். 2002இல் ஸ்டஃபான் பென்ஷும் டேவிட் பியர்சனும் அந்தப் பழைய மாதிரியின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து, அது தனி இனமேதான் என்று காட்டினார்கள். பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி என்ற அந்த இனம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கு அப்போது பதில் இல்லை. 2006 மார்ச் 27 அன்று தாய்லாந்தின் லாம் பாக் பியா என்ற இடத்தில் பறவைகளைப் பிடித்துக் கால்வளையம் இட்டுக்கொண்டிருந்த பிலிப் ரவுண்டின் கையில் ஒரு வினோதமான கதிர்க்குருவி சிக்கியது. அலகு நீளம், சிறகு குட்டை. அதன் இறகுகள் பென்ஷிடம் போயின, டி.என்.ஏ. பொருந்தியது. ஹியூமின் கைக்கு வந்து 138 ஆண்டுகள் கழித்து அந்த இனம் இரண்டாம் முறையாக அடையாளம் காணப்பட்டது.

இந்தக் கதையைப் பலரும் ‘தொலைந்த பறவை கிடைத்தது’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதன் பிற்பகுதிதான் முக்கியம். தாய்லாந்துச் செய்தி வந்தபின், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டிரிங் சேகரிப்பைத் துழாவியபோது, 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் சேகரித்த இன்னொரு மாதிரி அகப்பட்டது. அது இத்தனை காலமும் பிளைத் நாணல் கதிர்க்குருவி என்ற பெயரில், சாதாரணப் பறவைகளோடு கிடந்திருந்தது. மற்ற அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளிலும் தேட, மேலும் சில மாதிரிகள் வெளிவந்தன. அந்த மாதிரிகள் கிடைத்த ஊர்களைப் பார்த்தால் மத்திய ஆசியா என்று தடயம் காட்டியது. சில ஆண்டுகளுக்குள் ஆப்கானிஸ்தானின் வாக்கான் பகுதியிலும் தஜிகிஸ்தானிலும் அந்தப் பறவை ஆற்றோரப் புதர்களில் வாழ்வது உறுதியானது. உலகத்திலேயே மிகக் குறைவாக அறியப்பட்ட பறவை என்ற பெயரைச் சுமந்தது, பெயர்ச்சீட்டு மாறிய நிலையில் நூறாண்டுகளுக்கு மேலாக நம் பார்வைக்குள்ளேயே இருந்திருக்கிறது. ரவுண்டுக்கு அது வேறாகத் தெரிந்ததற்குக் காரணம், அதற்கு முன் அவர் கையில் எடுத்து அளந்திருந்த எண்ணற்ற சாதாரண நாணல் கதிர்க்குருவிகள். பின்னத்தின் பகுதியை நன்கு அறிந்தவருக்குத்தான் தொகுதியில் சேரவேண்டிய ஒன்று கண்ணில் பட்டது.

இதையே கணக்காகவும் பார்க்கலாம். விளக்கத்துக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு பகுதியின் ஏரிக்கரைகளில் 10,000 கதிர்க்குருவிகள் இருப்பதாகவும், அவற்றில் 10 மட்டும் அரிய இனம் என்றும் கொள்வோம். பார்ப்பவர் தேர்ந்தவர், அரியதை ஒருபோதும் தவறவிடமாட்டார், சாதாரணப் பறவையை அரியது என்று எண்ணி ஏமாறுவது நூற்றுக்கு இரண்டு முறைதான். கேட்கும்போது நம்பத்தகுந்தவராகத் தெரிகிறார் அல்லவா? ஆனால் சாதாரணப் பறவைகள் 9,990இல் இரண்டு விழுக்காடு என்பது ஏறக்குறைய 200. அதாவது அவர் ‘அரியது’ என்று சொல்லும் 210 பறவைகளில் 10தான் உண்மை. இருபது அறிவிப்பில் பத்தொன்பது தவறு. இப்போது முதல் சான்றைச் சாராத இரண்டாவது சான்று ஒன்றைச் சேர்ப்போம். உருவத்தைப் பார்த்ததோடு குரலையும் பதிவு செய்கிறார். அதிலும் தவறு இரண்டு விழுக்காடுதான். 200 தவறுகள் 4 ஆகச் சுருங்கும். 10 உண்மைக்கு 4 தவறு. மூன்றாவதாகச் சிறகின் அமைப்பும் தெரிந்துவிட்டால், தவறு ஒன்றுக்கும் கீழே போய்விடும். அரிய பறவையைப் பார்த்ததாகச் சொல்பவரிடம் பறவையியலாளர்கள் கேள்விமேல் கேள்வி கேட்பது அவமதிப்பு அல்ல என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும். பார்த்தவரின் நேர்மையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அரிதான ஒன்றைப் பற்றிய கூற்று ஒற்றைக் காலில் நிற்காது, அவ்வளவுதான்.

கதிர்க்குருவிகள் விஷயத்தில் இந்தத் தனித்தனிச் சான்றுகள் என்னென்ன? உருவம் ஒன்று. பிளைத் நாணல் கதிர்க்குருவியின் முதுகு சாம்பல் கலந்த ஒரே சீரான பழுப்பு. மடக்கிய சிறகில் முதன்மை இறகுகள் குறைவாகவே நீண்டிருக்கும். கண்ணுக்கு முன்னால் உள்ள வெளிர்புருவம் கண்ணைத் தாண்டியதும் மங்கிவிடும். நடத்தை இன்னொன்று: மரத்தின் உச்சி இலைகளில் மேய்கிறதா, புதரின் அடியில் மேய்கிறதா, தண்ணீரில் நிற்கும் சம்பங்கோரையை விட்டு வெளியே வராததா? மூன்றாவதும் பல நேரங்களில் வலுவானதும் குரல். குளிர்காலத்தில் தென்னிந்திய மரங்களில் பரவலாகக் கேட்பது பச்சை இலைக் கதிர்க்குருவியின் இரண்டு அசைக் கீச்சொலி. அதன் நெருங்கிய உறவினம் ஒன்று காக்கசஸ் மலைப்பக்கம் இனப்பெருக்கம் செய்துவிட்டுத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. உடலில் மஞ்சள் கூடுதல், குரலில் பெரும்பாலும் மூன்று அசை. இந்த இனத்தொகுதியில் குரலுக்கு எவ்வளவு எடை என்பதை டேரன் இர்வினும் அவரது குழுவினரும் 2001இல் காட்டினார்கள். திபெத்திய மேட்டுநிலத்தைச் சுற்றி வளையமாக வாழும் பச்சை இலைக் கதிர்க்குருவிகளின் பாட்டு இடத்துக்கு இடம் படிப்படியாக மாறிக்கொண்டே போகிறது, வளையத்தின் இரு முனைகளும் சைபீரியாவில் சந்திக்கும்போது, ஒன்றின் பாட்டை மற்றொன்று தன் இனத்தின் பாட்டாக ஏற்பதில்லை, கலப்பும் பெரும்பாலும் இல்லை. பறவைகளே ஒன்றையொன்று காதால் அடையாளம் கண்டுகொள்ளும்போது, கண்ணை மட்டும் நம்பி நாம் பெயர் சூட்டுவது சரியாகாது.

‘இப்போதுதான் எல்லார் கையிலும் கேமரா இருக்கிறதே, ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியும் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்தப் பழைய பாடு?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, இந்தக் கருவிகள் தந்த பலனும் பெரியது. ஆனால் புகைப்படத்தில் பழுப்பும் பச்சையும் வெளிச்சத்தைப் பொறுத்து மாறும். இலைகளுக்கு நடுவே எடுத்த படத்தில் வெள்ளை வயிறுகூட மஞ்சளாகத் தெரியும். செயலியோ, தன்னிடம் முன்பே சேர்ந்த பதிவுகளைக் கொண்டுதான் ஊகிக்கிறது. இந்த இடத்தில், இந்த மாதத்தில் எது இருக்கச் சாத்தியம் என்று யாரோ எழுதிவைத்த பட்டியல்கள்தான் அதற்கு ஆதாரம். பட்டியல் எழுதப்படாத ஊரில் அதன் ஊகமும் பலவீனமாகவே இருக்கும். ஆகவே செயலியைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். தீர்ப்பு எழுதும் வேலையை அதனிடம் கொடுக்கக் கூடாது.

இன்னும் அடிப்படையான மறுப்பும் உண்டு: இரண்டும் பழுப்புக் குருவி, எதுவாக இருந்தால் என்ன? பதில் பறவையின் பயணத்தில் இருக்கிறது. உருவத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு இனங்கள் வெவ்வேறு நாட்டில் பிறந்து, வெவ்வேறு வழியில் வந்து, வெவ்வேறு ஆபத்துகளைச் சந்திக்கின்றன. டைட்லர் இலைக் கதிர்க்குருவி வடமேற்கு இமயமலைப் பகுதியில் மட்டுமே இனப்பெருக்கம் செய்கிறது. குளிர்காலத்தில் முக்கியமாக மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் வருகிறது. உலக அளவில் அழிவை நெருங்கும் நிலையில் உள்ள இனங்களின் வரிசையில் அது இருக்கிறது. பச்சை இலைக் கதிர்க்குருவிக்கோ அந்தக் கவலை இல்லை. இரண்டையும் ‘இலைக்குருவி’ என்று ஒரே கட்டத்தில் எழுதினால், பெருகியிருக்கும் இனத்தின் எண்ணிக்கை, தேய்ந்துவரும் இனத்தின் இழப்பை மூடி மறைத்துவிடும். பெயரைப் பிரித்துச் சொல்வது இழப்பைக் கண்டுகொள்வதற்கான முதல் படி.

இனி ஓசூருக்கு வருவோம். பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரம். கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். தட்பவெப்பமும் ஏரிகளின் அமைப்பும் எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் பெங்களூரு, நாட்டிலேயே பறவை ஆர்வலர் மிகுந்த நகரங்களில் ஒன்று. அந்த நகரத்து ஏரிகளைப் பல ஆண்டுகளாகப் பலர் விடாமல் பார்த்துப் பட்டியலிட்டு வருகிறார்கள். அத்திப்பள்ளியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்ததும் பட்டியல் மெலிகிறது. இதனால், எல்லைக்கு அப்பால் அவ்வப்போது தென்படும் ஒரு பறவை இப்பக்கம் ‘அரிது’ ஆகிவிடுகிறது. பறவைக்கு மாநில எல்லை தெரியாது. எல்லை நம் பதிவேட்டில்தான் இருக்கிறது. இந்தக் குறை ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற 2023ஆம் ஆண்டு அறிக்கை, ஏறக்குறைய 30,000 பறவை ஆர்வலர்கள் தந்த 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. ஒவ்வொரு இனமும் எத்தனை பட்டியல்களில் இடம்பெற்றது என்ற விகிதமே அதன் அளவுகோல். நாம் பேசிவந்த அதே பின்னம். அத்தனை பதிவுகள் இருந்தும், நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடிந்தது 338 இனங்களுக்கு மட்டுமே. அவற்றில் 204 இனங்கள் குறைந்திருக்கின்றன. மீதமுள்ள அறுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கூடினவா, குறைந்தனவா என்று சொல்லப் போதிய பகுதி நம்மிடம் இல்லை.

எண்ணுவதற்குப் பறவை வேண்டும். பறவை தங்கப் புதர் வேண்டும். பெயரில் நாணல் இருந்தாலும் பிளைத் நாணல் கதிர்க்குருவி குளிர்காலத்தில் நாணலைத் தேடுவதில்லை. புதரும் வேலியும் தோட்டமுமே அதன் இடம். அணைகளையும் ஏரிகளையும் பார்க்கப் போகும் நம் கண் நீர்ப்பரப்பில் மிதக்கும் வாத்துகள்மேல் போகிறது. கதிர்க்குருவிக்கு முக்கியம் நீருக்கும் நிலத்துக்கும் நடுவே உள்ள பத்திருபது அடி அகலப் புதர்ப்பட்டை. ஏரி மேம்பாடு என்று தொடங்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். கரையைக் கல் பதித்து உயர்த்தி, சுற்றிலும் நடைபாதை போட்டு, புல்தரையும் அழகுச்செடியும் வைத்தால் ஏரி சுத்தமாகத் தெரியும். வெட்டினால் பறவை அடுத்த புதருக்குப் போய்விடாதா என்று சிலர் நினைக்கலாம். டிரெவர் பிரைஸ் 1981இல் வெளியிட்ட ஆய்வு, பச்சை இலைக் கதிர்க்குருவி குளிர்காலத்தில் எப்படி வாழ்கிறது என்பதைப் பற்றியது. ஒவ்வொரு பறவையும் தனக்கென ஒரு சிறு எல்லையைப் பிடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் குரல் கொடுத்துக் காவல் காக்கிறது. அடுத்த புதரில் ஏற்கெனவே குடியிருப்பு இருக்கிறது என்பதே இதன் பொருள். பிளைத் நாணல் கதிர்க்குருவியோ, தேய்ந்த சிறகிறகுகளைப் புதுப்பிக்கும் வேலையின் பெரும்பகுதியை இந்தியத் துணைக்கண்டத்தில் தங்கியிருக்கும்போதுதான் செய்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் பறக்கவேண்டிய சிறகு, நம் ஏரிக்கரைப் பூச்சிகளைத் தின்று வளர்கிறது.

‘தென்பெண்ணை ஆற்றில் கழிவுநீர் வருகிறது, ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது, இருந்தும் பறவைகள் வரத்தானே செய்கின்றன?’ என்பது அடிக்கடி கேட்கும் வாதம். வருவது உண்மை. ஆனால் வந்தது என்பதும் நலமாகத் திரும்பியது என்பதும் வெவ்வேறு செய்திகள். மாசுபட்ட நீரில் சில வகைப் பூச்சிகள் பெருகவும் செய்யும். அதனால் பறவை கூடுவதுபோலத் தோன்றலாம். பூவுக்கும் காய்க்கும் பேர்போன இந்தப் பக்கத்தில் பூச்சிமருந்தின் தாக்கம் ஏரியோரப் புதர்களை எட்டுகிறதா என்பதும் ஒரு நாள் பார்வையில் விளங்காது. எண்ணிக்கை குறைந்தால்கூடக் காரணம் ரஷ்யக் காட்டிலா, வலசை வழியிலா, இங்கேயா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை தேட, ஒரே இடத்தில் ஆண்டுதோறும் எடுத்த கணக்கு தேவை. ‘வரத்தானே செய்கின்றன’ என்பதும் பகுதி இல்லாத பின்னம்தான்.

புதரை அப்படியே விடச் சொல்வதற்கு எதிராக ஊர்மக்கள் சொல்லும் காரணங்களை நான் அலட்சியமாக நினைக்கவில்லை. பாம்பு வரும், குப்பை சேரும், இருட்டில் பெண்கள் நடக்கப் பயப்படுவார்கள். ஆலை வேலை முடிந்து வருகிறவர்களுக்குக் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும். இவை அனைத்தும் நியாயம். ஆனால் ஏரி ஒரு வட்டம். அதன் முழுச் சுற்றும் ஒரே மாதிரி இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. மதகும் குடியிருப்பும் உள்ள கரையில் நடைபாதையும் விளக்கும் அமையட்டும். நீர் உள்ளே வரும் ஆழமற்ற பக்கத்தில் புதரும் சம்பங்கோரையும் இருக்கட்டும். கரை மண்ணைப் பிடித்துவைப்பதும் அந்த வேர்களே. சீமைக்கருவேலத்தையும் உன்னியையும் அகற்ற வேண்டும் என்றால், ஒரே வாரத்தில் இயந்திரத்தை விட்டு வழித்துவிடாமல், பகுதி பகுதியாக அகற்றி, அந்த இடத்தில் நொச்சியும் புங்கனும் நாவலும் தழைத்தபின் அடுத்த பகுதிக்குப் போகலாம். செலவு பெரிதாக ஏறாது. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவே.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. ஓர் இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த, கேட்ட பறவை அத்தனையையும் எண்ணி எழுதினால் போதும். காக்கை, மைனா, தவிட்டுக்குருவி எதையும் விடாமல் எழுதுங்கள். புதரிலிருந்து ‘டக்’ என்ற குரல் எத்தனை முறை வந்தது என்பதையும் எழுதுங்கள். எதுவுமே கேட்கவில்லை என்றால் அந்த நாளின் பட்டியலையும் கிழித்துப் போடாதீர்கள். ராமநாயக்கன் ஏரியிலும் கெலவரப்பள்ளியிலும் பாரூர் ஏரியிலும் கிருஷ்ணகிரி அணையிலும் பத்து ஆண்டுகள் இப்படி எழுதினால், பதினோராம் ஆண்டில் வரும் அரிய கதிர்க்குருவியை அரியது என்று சொல்ல நமக்கு அப்போதுதான் உரிமை உண்டாகும்.